காஸூலே: மூன்று ஊர்கள் உரிமை கோரும் மண்சட்டி (உணவின் வரலாறு – 11)

காஸூலே தென்மேற்குப் பிரான்சின் வெள்ளை பீன்ஸ் குழம்பு. காய்ந்த பீன்ஸ், பன்றிக்கறி, பன்றித்தோல், சாசேஜ், தன் கொழுப்பிலேயே வெந்து பதப்பட்ட வாத்துக்கறி ஆகியவற்றை அகன்ற வாயுள்ள மண்சட்டியில் அடுக்கி, இதமான சூட்டில் மணிக்கணக்கில் வேக விடுவார்கள். வெந்து முடியும்போது மேலே பழுப்புநிற ஆடை படர்ந்திருக்கும். உள்ளே பீன்ஸ் உடையாமலும், நாக்கில் பட்டதும் கரையும் பதத்திலும் இருக்கும். துலூஸ் நகரத்துக்கும் கார்கசோன் கோட்டைக்கும் இடையே விரியும் லொராகே வட்டாரம்தான் இதன் தாய்மண். அதன் நடுவில் இருக்கும் காஸ்தெல்னொதாரி, ஏறத்தாழ 12,000 பேர் வாழும் சிறுநகரம். காஸூலேயின் உலகத் தலைநகரம் என்று அது தன்னை அழைத்துக்கொள்கிறது.

இந்தக் குழம்பு பிறந்த கதையை அந்த ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நூறாண்டுப் போர் நடந்த காலம். 1355-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன், பின்னாளில் கருப்பு இளவரசர் என்று பெயர் பெற்ற எட்வர்ட், காஸ்தெல்னொதாரியை முற்றுகையிட்டார். ஊருக்குள் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. மக்கள் வீடுவீடாகத் தேடி, எஞ்சியிருந்த பீன்ஸையும் உப்பிட்ட பன்றிக்கறியையும் கொழுப்பையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கொட்டி, வீரர்களுக்காகச் சமைத்தார்கள். அதை உண்டு தெம்பு பெற்ற வீரர்கள் மதிலைத் தாண்டிப் பாய்ந்து, ஆங்கிலேயரை ஆங்கிலக் கால்வாய்க் கரைவரை துரத்தினார்கள்.

ஆவணங்கள் சொல்வது இதற்கு நேரெதிர். எட்வர்ட் 1355 அக்டோபர் தொடக்கத்தில் போர்தோவிலிருந்து படையோடு புறப்பட்டார். நாடு பிடிப்பது அந்தப் படையெடுப்பின் நோக்கமாக இருக்கவில்லை. ஊர்களைக் கொளுத்தி, விளைச்சலை அழித்து, பிரெஞ்சு அரசரின் வரி வருவாயை வற்றச்செய்வதே திட்டம். லாங்தோக் பகுதியில் அரசரின் பிரதிநிதியாக இருந்த அர்மாஞாக் பிரபு துலூஸ் மதில்களுக்குள்ளேயே இருந்துவிட்டார். எட்வர்டின் படை துலூஸைச் சுற்றிக்கொண்டு கிழக்கே இறங்கியது. அக்டோபர் 31-இல் காஸ்தெல்னொதாரி வீழ்ந்தது, சூறையாடப்பட்டு எரிந்தது. அடுத்த சில நாட்களில் கார்கசோனின் கீழ்நகரமும் தீக்கு இரையாயிற்று. கொள்ளைப் பொருளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, பெரிய எதிர்ப்பு எதையும் சந்திக்காமல் அந்தப் படை ஊர் திரும்பியது. சாம்பலான ஓர் ஊர் தன் தோல்வியை வெற்றியாக மாற்றிச் சொல்லிக்கொண்ட கதை இது. பொய் என்று தள்ளிவிட முடியாத கதையும்கூட. பஞ்ச காலத்தில் ஒவ்வொரு வீட்டுப் பொருளும் ஒரே சட்டியில் கூடியது என்ற நினைவு, இந்த உணவைப் பற்றி அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கதையில் இன்னொரு முரணும் உண்டு. இன்றைய காஸூலேயின் உயிரான வெள்ளை பீன்ஸ் 1355-இல் ஐரோப்பாவிலேயே கிடையாது. ராஜ்மாவும் அதுவும் ஒரே தாவர இனம்; மெக்சிகோவிலும் ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டவை. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகே அதன் விதை ஐரோப்பியக் கரையைத் தொட்டது. அதற்கு முன் தென்பிரான்சின் சட்டிகளில் வெந்தவை இரண்டு. ஒன்று, மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய பயறான ஃபாவா. இன்னொன்று, ஆப்பிரிக்காவில் தோன்றி ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் பரவிய காராமணி. இவற்றை ஆட்டுக்கறியோடோ உப்பிட்ட பன்றிக்கறியோடோ சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் வழக்கம் இடைக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

ஆட்டுக்கறியும் பயறும் சேர்ந்த இக்குழம்புக்கு அரபு மூலம் காட்டுவோரும் உண்டு. நார்போன் நகரம் 8ஆம் நூற்றாண்டில் சுமார் நாற்பது ஆண்டுகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்ததையும், 1226-இல் பாக்தாதில் எழுதப்பட்ட அல்-பாக்தாதியின் சமையல் நூலில் இறைச்சியும் பயறும் சேர்ந்த குழம்புகள் இருப்பதையும் அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் பயறும் கறியும் ஒன்றாக வேகாத நாடு உலகில் குறைவு. ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது. லொராகே மண்ணில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செல்வாக்கோடு இருந்த கத்தார் சமயத்தோடும் இந்த உணவைச் சிலர் இணைக்கிறார்கள். கத்தார் துறவியர் இறைச்சி, முட்டை, பால்பொருள் எதையும் தொடாதவர்கள். பன்றிக்கொழுப்பில் மிதக்கும் குழம்பை அவர்கள் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

பீன்ஸ் வந்த வழிக்கும் ஓர் அரச கதை இருக்கிறது. புதிய உலகத்திலிருந்து வந்த விதைகளைப் போப் ஏழாம் கிளெமென்ட் இத்தாலிய அறிஞர் பியெரோ வலேரியானோவிடம் கொடுத்துப் பயிரிடச் சொன்னார் என்றும், போப்பின் உறவினளான கேத்தரின் தெ மெடிசி 1533-இல் பிரெஞ்சு இளவரசரை மணக்க மார்செய் வந்தபோது சீர்வரிசையில் ஒரு பை பீன்ஸ் இருந்தது என்றும் சொல்லப்படுகிறது. கேத்தரினுக்குத் தாய்வழியில் லொராகே சீமாட்டி என்ற பட்டம் இருந்தது உண்மை; கதை இந்த வட்டாரத்தில் ஊன்றி நிற்க அதுவே காரணம். ஆனால் விதைகள் அரண்மனை வழியாக மட்டும் பயணம் செய்வதில்லை. ஸ்பெயினிலிருந்து பிரனீஸ் மலைக் கணவாய்களின் வழியே வணிகர் மூட்டைகளிலும் வந்திருக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே இந்தச் செடியின் படம் இருக்கிறது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது ஐரோப்பியத் தோட்டங்களில் பரவத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தப் படமே போதும்.

பீன்ஸ் வந்துசேர்ந்த காலத்தில் லொராகே செழிப்பின் உச்சத்தில் இருந்தது. செழிப்புக்குக் காரணம் பாஸ்டெல் என்ற நீலச்சாயச் செடி. அதன் இலையை அரைத்து, உருண்டை பிடித்துக் காயவைத்து விற்றார்கள். துலூஸில் 1555-இல் கட்டத் தொடங்கிய அசெசா மாளிகை அந்த வணிகத்தில் பெருகிய பணத்தால் எழுந்ததே. 1560-களுக்குப் பின் மோசமான விளைச்சல்கள், சமயப் போர்கள், கப்பலேறி வந்த இந்திய அவுரி ஆகியவை சேர்ந்து பாஸ்டெல் வணிகத்தைச் சாய்த்துவிட்டன. நிலம் கோதுமைக்குத் திரும்பியது.

காஸூலேயின் உண்மையான பிறப்பை இந்த மாற்றத்தில்தான் தேட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு பயிரான மக்காச்சோளம் லொராகே வயல்களில் பரவியது. குடியானவர் விளைவித்த கோதுமை நிலவுடைமையாளருக்குக் குத்தகையாகவும் அரசுக்கு வரியாகவும் சந்தைக்கு விலைபொருளாகவும் போனது. வீட்டுக்கு எஞ்சியது மக்காச்சோளம். அதன் மாவைக் களியாகக் கிண்டி உண்டார்கள். அந்தக் களிக்கு மில்லாஸ் என்று பெயர். மக்காச்சோளத் தட்டையில் பீன்ஸ் கொடி படர்ந்தது. ஒரே நிலம், ஒரே உழவு, இரண்டு விளைச்சல். மிஞ்சிய தானியம் கூஸ் வாத்துக்கும் வாத்துக்கும் பன்றிக்கும் தீனியாயிற்று. கொழுத்த வாத்து கொழுப்பைத் தந்தது. அந்தக் கொழுப்பு கறியைக் கெடாமல் காத்தது. காஸூலேயின் சட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் இந்தச் சிறு பண்ணையின் சுழற்சியிலிருந்து வந்தது. முற்றுகை எதுவும் இல்லாமலேயே, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் லொராகே வீடுகளின் பரணும் ஜாடியும் இந்தக் குழம்பைச் சமைக்கத் தயாராக நின்றன.

கறியைக் காக்கும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாத்தின் தொடைகளை உப்பில் ஊறவைத்து, பிறகு வாத்துக்கொழுப்பிலேயே கொதிக்கவிடாமல் மெல்ல வேகவைப்பார்கள். வெந்த கறியை உள்பூச்சிட்ட ஜாடியில் அடுக்கி, உருகிய கொழுப்பை மேலே மூழ்க ஊற்றுவார்கள். கொழுப்பு உறைந்து காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். குளிரான நிலவறையில் இது மாதக்கணக்கில் கெடாது. இதற்குக் கொன்ஃபி என்று பெயர். வடபிரான்ஸ் வெண்ணெயிலும், மத்தியதரைக் கடலோரம் ஆலிவ் எண்ணெயிலும் சமைக்க, தென்மேற்கு வாத்துக்கொழுப்பில் சமைத்தது. பன்றியைக் குளிர்காலத்தில் அறுப்பது வழக்கம். நல்ல பகுதிகள் உப்பிலும் சாசேஜிலும் போய்விட, தோலும் காலும் எலும்பும் குழம்புக்கு வந்தன. பணக்காரர் வீட்டில் வீணாகும் தோல்தான் இந்தக் குழம்புக்குக் கெட்டித்தன்மையைத் தருகிறது.

சட்டிக்கும் தனி வரலாறு உண்டு. காஸ்தெல்னொதாரிக்கு வடக்கே உள்ள இசெல் கிராமம் இடைக்காலத்திலிருந்தே குயவர் ஊர். அங்குக் கிடைக்கும் செம்மண்ணில் வனைந்த சட்டிக்குக் கசோல் என்று பெயர். அடி குறுகி, வாய் அகன்று, உள்ளே மட்டும் மெருகுப்பூச்சு கொண்டது. முற்காலத்தில் எஸ்தோஃபாத், அதாவது மூடி வேகவைத்தது, என்று தென்பிரான்சின் ஒக்சிதான் மொழியில் வழங்கிய குழம்பு, பின்னர் இந்தச் சட்டியின் பெயரால் காஸூலே ஆயிற்று. வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. அகன்ற வாயில் ஆடை கட்டும் பரப்பு அதிகம்; குறுகிய அடியில் சாறு தேங்கி நிற்கும்; கனத்த மண்சுவர் சூட்டை மெல்ல உள்வாங்கி, மெல்லவே விடும். வீடுகளில் பெரிய அடுப்பு இல்லாத காலத்தில், சட்டியை ஊர் ரொட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி வெந்து முடிந்து சூடு தணியும் சூளையில் அது மெல்ல வெந்துகொண்டிருக்கும். மோந்தாஞ் நுவார் மலையின் முட்புதர் விறகால் சூளையைச் சூடேற்றினால்தான் சுவை முழுமை பெறும் என்று பழைய சமையல்காரர்கள் அடித்துச் சொன்னார்கள்.

தண்ணீரைப் பற்றியும் அவ்வாறே சொல்வார்கள். காஸ்தெல்னொதாரித் தண்ணீரில் வெந்தால்தான் பீன்ஸ் பீன்ஸாக இருக்கும் என்பது ஊர்ப்பேச்சு. இதில் ஊர்ப்பெருமை இருக்கிறது, வேதியியலும் இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து மிகுந்த தண்ணீரில் பீன்ஸின் தோல் இறுகிவிடும். மென்னீரில் அது சீராக இளகும்.

சமையல் முதல்நாள் இரவே தொடங்குகிறது. நான்கு பேருக்கு 350 முதல் 400 கிராம் காய்ந்த வெள்ளை பீன்ஸ். நீளமாகவும் மெல்லிய தோலோடும் இருக்கும் லாங்கோ வகையே உகந்தது. இரவு முழுதும் ஊறிய பீன்ஸை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். பன்றித்தோல், எலும்பு, வெங்காயம், கேரட் சேர்த்துக் காய்ச்சிய சாற்றில் பீன்ஸ் சுமார் ஒரு மணி நேரம் வேகும். அது மெத்தென்று ஆக வேண்டும், உடையக் கூடாது. உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் பூண்டும் சேர்த்து அரைத்த விழுது அதில் கலக்கும். இதற்கிடையில் கொன்ஃபித் தொடைகளிலிருந்து கொழுப்பை உருக்கி எடுத்து, அதே கொழுப்பில் சாசேஜையும் பன்றியின் தோள்கறியையும் பொன்னிறமாக வதக்குவார்கள். துலூஸ் சாசேஜ் என்பது கொரகொரப்பாக நறுக்கிய பன்றிக்கறியும் உப்பும் மிளகும் மட்டுமே; வேறு மசாலா கிடையாது.

சட்டியின் அடியில் பன்றித்தோல் விரிக்கப்படும். அதன்மேல் பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கு. அதன்மேல் கறியும் கொன்ஃபியும். பிறகு மீதி பீன்ஸ். சாசேஜ் துண்டுகளைப் பாதி புதைத்து, மேற்பக்கம் தெரியும்படி செருகுவார்கள். பீன்ஸ் மூழ்கும்வரை சூடான சாறு, மேலே கொஞ்சம் மிளகு, ஒரு கரண்டி கொழுப்பு. 150 அல்லது 160 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம். இந்த நேரத்தில்தான் காஸூலே காஸூலே ஆகிறது. தோலிலிருந்து கரையும் ஜெலட்டினும் பீன்ஸிலிருந்து கசியும் மாவுச்சத்தும் மேலே வந்து, கொழுப்போடு கலந்து, உலர்ந்து, ஆடையாகப் பழுக்கின்றன. சமையல்காரர் அந்த ஆடையைக் கரண்டியின் முதுகால் உடைத்து உள்ளே அழுத்துவார். அடியிலுள்ள பீன்ஸைக் கிளறாமல் செய்ய வேண்டும். புதிய ஆடை கட்டும், அதையும் உடைப்பார். ஏழு முறை என்பது ஒரு மரபு, எட்டு முறை என்பது இன்னொரு மரபு. முதல்நாள் சமைத்து மறுநாள் மீண்டும் சூடாக்கியதே சிறந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

காஸ்தெல்னொதாரியின் வழி இது. கார்கசோனில் ஆட்டுக்கறி சேரும். வேட்டைப் பருவத்தில் செங்கால் கவுதாரியும் சேரும். துலூஸில் அந்நகரத்துச் சாசேஜும் ஆட்டுக்கறியும் கொன்ஃபியும் முக்கியம். ரொட்டித்தூள் தூவி ஆடையை வரவழைக்கும் பழக்கமும் அங்கு உண்டு. காஸ்தெல்னொதாரிக்காரர்களுக்கு ரொட்டித்தூள் பொறுக்காது. ஆடை தானாகக் கட்ட வேண்டியது, தூவிக் கட்டுவது குறுக்குவழி என்பார்கள். அந்தப் பிடிவாதத்தில் நியாயம் உண்டு; தூவிய தூள் மொறுமொறுப்பைத் தரும், பீன்ஸும் தோலும் சேர்ந்து தரும் சுவையைத் தராது. மூன்று ஊர்களின் வழக்கை அழகாகத் தீர்க்க முயன்றவர் சமையல் வல்லுநர் ப்ரோஸ்பேர் மொந்தாஞே. 1865-இல் கார்கசோனில் பிறந்து, 1938-இல் வெளிவந்த லாருஸ் சமையல் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராகப் புகழ்பெற்றவர். 1929-இல் வெளியிட்ட ஒக்சிதான் விருந்து பற்றிய நூலில் கிறித்தவத் திரித்துவத்தைத் துணைக்கு அழைத்தார்: காஸ்தெல்னொதாரிக் காஸூலே தந்தை, கார்கசோனுடையது மகன், துலூஸுடையது தூய ஆவி. கார்கசோன்காரரான அவர் தந்தையின் இடத்தை அண்டை ஊருக்கு விட்டுக்கொடுத்ததால் அந்தத் தீர்ப்பின் மதிப்பு கூடியது.

லொராகே எல்லைக்கு வெளியே காஸூலே போனதற்கு முதல் வழி நீர்வழி. பியேர்-போல் ரிகே 1666-இல் அரசாணை பெற்று வெட்டத் தொடங்கிய மிதி கால்வாய், அவர் இறந்த சில மாதங்களில், 1681-இல் திறக்கப்பட்டது. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரக் காயல்வரை 240 கிலோமீட்டர். காஸ்தெல்னொதாரியில் அது சுமார் 7 ஹெக்டேர் பரப்புள்ள நீர்த்தேக்கமாக விரிகிறது, ஊர் துறைமுகமாகியது. லொராகே கோதுமை கிழக்கே இறங்கியது. படகுகளில் வந்த வணிகரும் பயணிகளும் கரையோர விடுதிகளில் உண்டார்கள். வீட்டுக் குளிர்காலக் குழம்பு விடுதிச் சமையலானது இப்படித்தான். 1857-இல் போர்தோவையும் செத் துறைமுகத்தையும் இணைத்த ரயில் வந்தபோது, கால்வாய்ப் பயணம் குறைந்தது. காஸூலேயின் பயணம் கூடியது.

பாரிஸ் அதை ஏற்றுக்கொண்டதற்கு இலக்கியச் சான்று இருக்கிறது. அனதோல் பிரான்ஸ் 1903-இல் வெளியிட்ட நாவலொன்றில், கிளெமான்ஸ் என்ற பெண் நடத்தும் சிறிய பாரிஸ் உணவகம் வருகிறது. அங்கே காஸூலே இருபது ஆண்டுகளாக ஒரே சட்டியில் வெந்துகொண்டிருக்கிறது; அவ்வப்போது கூஸ் வாத்தோ சாசேஜோ பீன்ஸோ சேர்ப்பார்களே தவிர அடுப்பு அணைவதில்லை. மிகைதான், மறுநாள் சூடாக்கியதே சிறந்தது என்ற ஊர்வழக்கை எழுத்தாளர் இருபது ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறார்.

தகர டப்பா அதற்கும் முந்தியது. நிக்கோலா அப்பேர் உணவை அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூற்றாண்டிலேயே காஸ்தெல்னொதாரியில் காஸூலே டப்பாவில் அடைபடத் தொடங்கியது. நெடுநேரம் வெந்து, மீண்டும் சூடேற்றினாலும் கெடாத குழம்பு என்பதால் டப்பாவுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. இன்று பிரான்சின் எந்தக் கடையிலும் காஸூலே டப்பா கிடைக்கும். பெரும்பாலான பிரெஞ்சுக்காரர்கள் இந்த உணவை முதலில் சந்திப்பது அங்கேதான். கொன்ஃபி குறைந்து, தக்காளிச் சாறு கூடிய மலிவான டப்பாக்கள் பெருகியதால் உணவின் பெயரும் கெட்டது.

அதைத் தடுக்கும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டில் தொடர்ந்தன. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கார்ப் பயணமும் வழிகாட்டி நூல்களும் பரவ, கூர்னோன்ஸ்கி போன்ற உணவு எழுத்தாளர்கள் பாரிஸ் விடுதிச் சமையலைவிட வட்டாரச் சமையலே பிரான்சின் செல்வம் என்று எழுதிவந்தார்கள். 1966-இல் பிரெஞ்சு உணவுக்கலை மாநாடு காஸூலேக்கு அளவு வகுத்தது: பன்றிக்கறி, ஆட்டுக்கறி அல்லது கூஸ் கொன்ஃபி குறைந்தது 30 விழுக்காடு, பீன்ஸ், சாறு, பன்றித்தோல், மூலிகை ஆகியவை 70 விழுக்காடு. 1970-இல் காஸ்தெல்னொதாரியில் காஸூலே பெருஞ்சகோதரத்துவச் சங்கம் உருவாயிற்று. அதன் உறுப்பினர்கள் நீண்ட அங்கியும் கசோல் சட்டி வடிவத் தொப்பியும் அணிந்து, செய்முறையின் தூய்மையைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆகஸ்டு இறுதியில் ஊரில் காஸூலே திருவிழா நடக்கிறது. குளிர்காலக் குழம்பைக் கோடை வெயிலில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து உண்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே பீன்ஸே லொராகே வயல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. கையால் பறிக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. டப்பாத் தொழிற்சாலைகள் அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து மலிவாக இறக்குமதி செய்தன. கடந்த நூற்றாண்டின் இறுதியில் சில உழவர்கள் கூடி லாங்கோ வகையை மீண்டும் பயிரிடத் தொடங்கினார்கள். இப்போது காஸ்தெல்னொதாரி பீன்ஸுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. குழம்புக்கு அந்தக் குறியீடு இல்லை. காஸூலே என்ற பெயரை யாரும், எங்கும் பயன்படுத்தலாம். துலூஸும் கார்கசோனும் தத்தம் வழியிலேயே சமைத்துவருகின்றன. இசெல் குயவர்களின் சட்டி வடிவத்தைக் கையால் வனையும் பட்டறை கால்வாய்க் கரையில் இன்றும் இயங்குகிறது. காஸ்தெல்னொதாரியின் உணவகங்கள் பலவற்றில் காஸூலே அந்தச் சட்டியிலேயே, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு மேசைக்கு வருகிறது.

(தொடரும்)